எங்கள் தெருவுக்கு முதலில் எது வேண்டும்? வடசென்னையில் கருத்துக் கணிப்பு நடத்தி, கடன் தரும் வங்கிகளிடம் சேர்க்கும் முறை

வண்ணாரப்பேட்டையில் சுரங்க ரயிலேறும் ஒருவர், ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தந்த கடனில் தோண்டப்பட்ட பாதையில் பயணம் செய்கிறார். மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கங்களில் தெருவைத் தோண்டிப் போடப்படும் மழைநீர் வடிகால்களுக்கு, கொசஸ்தலையாற்று வடிநிலத் திட்டம் என்ற பெயரில், ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்திருக்கிறது. திட்டம் வகுக்கப்பட்டபோது புதிதாக அமைக்க எண்ணிய வடிகாலின் நீளம் மட்டும் 588 கிலோமீட்டர். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1977-இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் கொடுங்கையூரில் ஏழைக் குடும்பங்களுக்கு மனை பிரித்துக் கொடுக்கப்பட்டதற்கு உலக வங்கி கடன் தந்தது. அந்த மனைகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இச்செய்தியே புதிதாக இருக்கும்.

இவ்வளவு பணம் நம் பகுதியின் வழியாக ஓடியிருக்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று இங்கே குடியிருப்பவர்களிடம் முறையாகக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நெடுநாளாக என்னை உறுத்தும் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு திட்டத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வேலை நாளில், காலை 11 மணிக்கு, பேருந்து மாறிப் போக வேண்டிய ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பின்னர் வந்த அறிக்கையில் ‘பொதுமக்கள் ஆதரவு தெரிவித்தனர்’ என்ற ஒரே வரி இருந்தது. அன்று அந்த மண்டபத்துக்கு வர முடியாத மீன் விற்கும் பெண்களும், துறைமுகத்தில் ஷிப்டு பார்ப்பவர்களும், மணலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்பவர்களும் அந்த ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்குள் இல்லை. அதன் பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு, எண்ணி, எழுதிக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

வங்கியே கேட்கிறதே, நாம் எதற்கு?

உலக வங்கி தான் கடன் தரும் நாடுகளில், ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு கருத்தாய்வை நடத்துகிறது. நாட்டின் வளர்ச்சிக்கு எத்துறை முதன்மையானது, வங்கி எதில் கவனம் செலுத்த வேண்டும், அதன் மீது எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பன போன்ற கேள்விகளைக் கேட்டு, பலவற்றுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் பெற்று, முடிவுகளை எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிடுகிறது. அது பாராட்டத்தக்கது. ஆனால் அதில் பதில் சொல்பவர்கள் அரசு அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள், பேராசிரியர்கள், ஊடகத்தினர், தொழில்துறையினர், தொண்டு நிறுவனத்தினர் போன்றவர்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமக்கள் அல்லர். காசிமேட்டில் ஐஸ் உடைப்பவரின் கருத்து அதில் இடம்பெற வழியே இல்லை.

அந்த ஆய்வை ஒதுக்கிவிடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. அதன் கேள்வித்தாளில் உள்ள துறைப் பட்டியலையே, அதாவது கல்வி, சுகாதாரம், வேலைவாய்ப்பு, குடிநீர், போக்குவரத்து என்று வருவதையே, நம் கேள்வித்தாளுக்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டால், ‘நாட்டின் கருத்துத் தலைவர்கள் இதை முதலில் வைத்தார்கள், இந்த வார்டின் குடும்பங்கள் இதை முதலில் வைத்தன’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். அவர்களுடைய அளவுகோலிலேயே நாம் அளந்து கொடுப்பதை எளிதில் ஒதுக்க முடியாது.

முதலில், எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வித்தாள் எழுதும் முன் உங்கள் பகுதியில் நடக்கும் வேலைக்கு யாருடைய பணம் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் வைக்கப்படும் பலகையில் பெரும்பாலும் நிதி தருபவரின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். திட்டத்தின் பெயர் கிடைத்தால், அந்தந்த வங்கியின் இணையதளத்தில் திட்ட எண்ணும், மதிப்பீட்டு ஆவணமும், சுற்றுச்சூழல் மற்றும் சமூகப் பாதுகாப்பு ஆவணங்களும் கிடைக்கும். எல்லாப் பெரிய வேலையும் வெளிநாட்டுக் கடன் அன்று. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 3 ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டுத் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டம் போன்ற மாநில அரசின் திட்டங்களுக்கு உங்கள் கருத்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போக வேண்டுமே தவிர, வாஷிங்டனுக்கு அன்று.

கடன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது இதைவிட முக்கியம். வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் தரும் முன்பு என்றால் திட்டத்தின் வடிவத்தையே மாற்றக் கேட்கலாம். வேலை தொடங்கிய பின் என்றால், எந்தத் தெருவை முதலில் எடுப்பது, எவ்வளவு நாள் குழியைத் திறந்து வைப்பது, இடம்பெயர்பவருக்கு எங்கே வீடு என்பவற்றைப் பற்றித்தான் பயனுள்ளபடி பேச முடியும்.

சில கடன்கள் வேறு வகை. 2021-இல் உலக வங்கி ஒப்புதல் அளித்த 15 கோடி டாலர் சென்னை மாநகரக் கூட்டுத் திட்டத்தில், குழாய்க்கும் கம்பிக்கும் செலவான கணக்கைக் காட்டிப் பணம் பெறுவதில்லை. குடிநீர், பேருந்து, திடக்கழிவு, சுகாதாரம் ஆகிய சேவைகளில் ஒப்புக்கொண்ட பலன்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே பணம் விடுவிக்கப்படும். இப்படிப்பட்ட கடனில், ‘எங்கள் தெருவில் குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது’ என்று நாம் எண்ணிக் கொடுக்கும் கணக்கு, பலனைச் சரிபார்ப்பவரின் மேசையில் இருக்க வேண்டிய கணக்கு.

கேட்கப் போகும் எல்லோரும் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ‘உலக வங்கி காசு’ என்றால் இலவசம் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அது கடன், வட்டியோடு திருப்பிக் கட்டப்படுவது. ஏழை நாடுகளுக்குச் சலுகையில் கடன் தரும் உலக வங்கிப் பிரிவின் பட்டியலிலிருந்து இந்தியா 2014-இலேயே வெளியேறிவிட்டது. மாநிலத்துக்கான கடன் ஒப்பந்தத்தில் மத்திய அரசு கையெழுத்திட்டு, அதே நிபந்தனைகளோடு தமிழ்நாட்டுக்குக் கைமாற்றுகிறது. ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் அந்தச் சுமையும் மாநிலத்தின் தலையில்தான். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்க வேண்டும்.

கேள்வியை எழுதுவது

மொத்த வேலையில் எங்களை மிகவும் படுத்தியது இதுதான். முதல் முறை, ‘உங்கள் பகுதியின் வளர்ச்சிக்கு எது தேவை?’ என்று கேட்டோம். முக்கால்வாசிப் பேர் ‘ரோடு’ என்றார்கள். வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மேடைப் பேச்சில் வரும் வளர்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. தன் வீட்டுக் குழாயில் சாக்கடை கலந்து வருவது நினைவுக்கு வருவதில்லை. பிறகு கேள்வியை இப்படி மாற்றினோம்: ‘அடுத்த 3 ஆண்டில் உங்கள் தெருவில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், எதைச் செய்யச் சொல்வீர்கள்?’ பதில்கள் உடனே மாறின. காலவரையும், ஒன்றைத்தான் எடுக்கலாம் என்ற கட்டாயமும் இல்லாத கேள்வி, முன்னுரிமையை அளக்காது; ஆசைப் பட்டியலைத்தான் தரும்.

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது. ‘வடிகால் வேலையால் நீங்கள் பட்ட துன்பம் என்ன?’ என்று கேட்டால் துன்பம்தான் வரும். ‘உங்கள் தெருவில் வடிகால் வேலை நடந்ததா? நடந்த பிறகு மழைத் தண்ணீர் நிற்பது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். அதேபோல, ஒரு கேள்விக்குள் இரண்டைத் திணிக்காதீர்கள். மெட்ரோ ரயில் வேண்டுமா என்பது ஒன்று. கடன் வாங்கிக் கட்ட வேண்டுமா என்பது இன்னொன்று. அதற்காகத் தன் வீட்டையோ கடையையோ விட்டுக்கொடுக்க முடியுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மனிதர் மூன்று வகையாகப் பதில் சொல்வார், அவை முரண்பாடும் அல்ல.

எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும், பொதுவாக எல்லோருக்கும், நாங்கள் பயன்படுத்திய முறை புளியங்கொட்டை. குடிநீர், கழிப்பறை, வடிகால், பேருந்து, மருத்துவமனை, பள்ளி, வேலை, காற்று மாசு என்று 8 படங்களை ஓர் அட்டையில் வரைந்து, 20 கொட்டைகளைக் கையில் கொடுத்து, எதற்கு எவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறீர்களோ அவ்வளவு வையுங்கள் என்று சொல்ல வேண்டும். காசிமேட்டுச் சந்து ஒன்றில், வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த ஓர் ஆயா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எண்ணிப் பார்க்காமலேயே 12 கொட்டைகளைக் குடத்தின் படத்தின் மேல் குவித்தார். மீதியை மருத்துவமனைக்கும் கழிப்பறைக்கும் பிரித்தார். பிறகு சற்று நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடத்திலிருந்து 2 கொட்டைகளை எடுத்துப் பேருந்தின் மேல் வைத்தார். ‘பேத்தி காலேஜுக்குப் போவுதுப்பா, ராத்திரி பஸ்ஸு இல்லாம அல்லாடுது’ என்றார். ‘மத்தபடி தண்ணி வந்துடுச்சின்னா மீதிய நானே பாத்துக்குவேன்.’ அந்த 2 கொட்டைகள் இடம் மாறியதை எந்த 1 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணும் காட்டியிருக்காது. பிறகு கொட்டைகளை எண்ணித் தாளில் எழுதிக்கொண்டு, ஏன் அப்படி வைத்தார் என்பதையும் அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்போது

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு விடுவது கருத்துக் கணிப்பு ஆகாது. அதில் கைபேசியும் நேரமும் ஆர்வமும் உள்ளவர்கள் மட்டுமே இருப்பார்கள். வார்டிலுள்ள தெருக்கள், சந்துகள், குப்பங்கள், வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள் எல்லாவற்றையும் முதலில் பட்டியல் போடுங்கள். மொத்த வீடுகள் 8,000 என்றும், 400 வீடுகளில் கேட்க முடியும் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 20-ஆவது வீடும் உங்களுடையது. முதல் வீட்டை மட்டும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், பின்கட்டில் இன்னொன்று என்றால் அவை 3 வீடுகள். வாடகைக்கு இருப்பவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டுத் திரும்புவதுதான் நம் ஊரில் எல்லாக் கணக்கெடுப்பும் செய்யும் தவறு.

இப்படிச் சரியாகத் தேர்ந்தெடுத்த 400 பேரின் பதில், ஏறத்தாழ 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்புக்குள் மொத்த வார்டின் கருத்தைக் காட்டும். 100 பேர்தான் முடியும் என்றால் அந்த வரம்பு ஏறத்தாழ 10 விழுக்காடு ஆகிவிடும். அப்போது 42-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ‘இதுதான் முதலிடம்’ என்று சொல்லக் கூடாது.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதற்கும் ஒரு விதி வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் ஆண்மகனே எல்லா வீட்டிலும் பதில் சொல்லிவிடுவார். 18 வயது நிறைந்தவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யாரோ அவரிடம் கேளுங்கள். அவர் இல்லையென்றால், பக்கத்து வீட்டுக்குப் போய்விடாமல், இன்னும் 2 முறை திரும்பி வர வேண்டும். விசைப்படகில் போகும் ஆண்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். ஆனால் அப்போது வருமானம் இல்லாத மனநிலையில் ‘வேலை’ என்ற பதில் கூடுதலாக வரும் என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்தில் எந்தப் பெண்ணும் உங்களோடு நின்று பேச மாட்டார். மணலியிலும் எண்ணூரிலும் தங்கி வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்களும் அந்தத் தெருவின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்காக இந்தி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

குப்பங்களில் முதலில் ஊர் நிர்வாகிகளைப் பார்த்து விவரம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது மரியாதை. ஆனால் ‘ஊர் முழுக்க இதான் கருத்து, எழுதிக்கங்க’ என்று அவர்கள் சொல்வதைத் தனியாகக் குறித்துக்கொண்டு, வீடுகளிலும் கேட்டாக வேண்டும். ‘எந்தக் கட்சி?’ என்ற கேள்வி ஒவ்வொரு வாசலிலும் வரும், உண்மையைச் சொல்லுங்கள். ஆதார் எண், கைபேசி எண் எதையும் வாங்காதீர்கள். ‘எழுதிக் கொடுத்தா நடக்குமா?’ என்று கேட்பார்கள். நடக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம் கொடுக்கப் போகிறோம், எப்போது திரும்பி வந்து சொல்வோம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எழுதிக் கொடுப்பது

அறிக்கை 2 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், எத்தனை பேர் பதில் சொல்லவில்லை, எந்தத் தேதிகளில் கேட்டீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே வையுங்கள். அடுத்து முன்னுரிமை வரிசை. அதற்கடுத்து, உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும், எங்கே கருத்து பிளந்து நிற்கிறது என்பது. எங்கள் பகுதியில் சாலையை அகலப்படுத்துவதைச் சொந்த வீட்டுக்காரர்கள் ஆதரித்தார்கள். வாடகை கூடிவிடும் என்று குடியிருந்தவர்கள் அஞ்சினார்கள். இரண்டையும் எழுதினோம். ஒருமித்த குரல் என்று காட்ட ஆசைப்பட்டு ஒன்றை மறைத்தால், நாம் குறை சொன்ன அந்த ‘பொதுமக்கள் ஆதரவு தெரிவித்தனர்’ என்ற வரியையே நாமும் எழுதியவர்களாவோம்.

அதை வார்டு கவுன்சிலரிடமும், பகுதி சபைக் கூட்டத்திலும், மண்டல அலுவலகத்திலும், திட்டத்தை நடத்தும் துறையின் திட்ட அலுவலகத்திலும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிறகு வங்கியின் டெல்லி அலுவலகத்தில் அந்தத் திட்டத்தின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். திட்டப் பொறுப்பாளரின் பெயர் பெரும்பாலும் இணையதளத்தில் திட்டப் பக்கத்திலேயே இருக்கும். தரமணியில் உலக வங்கிக்குப் பெரிய கட்டடம் இருக்கிறதே, அங்கே கொண்டு போய்க் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் வங்கியின் உள் கணக்கு, நிர்வாகப் பணிகள். நம் மாநிலத்துத் திட்டங்களுக்கான வாசல் அதுவன்று.

கருத்து வேறு, புகார் வேறு. கருத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க வங்கிக்கு முடியும். ஆனால் வங்கி தன் சொந்த விதிகளைப் பின்பற்றாததால் தீங்கு நேர்ந்தது, அல்லது நேரப் போகிறது என்று பாதிக்கப்பட்டவர்கள் முறையிட்டால், அதைப் பதிவுசெய்து, ஏற்கத்தக்கதா என்று ஆராய்ந்தாக வேண்டும். இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி தந்த கடனை எதிர்த்து நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் நடத்திய போராட்டத்தின் விளைவாக, வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992-இல் கடுமையான அறிக்கை தந்தது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா தெரிவித்தது. அதே ஆண்டில்தான், இத்தகைய முறையீடுகளை விசாரிக்கும் உலக வங்கியின் ஆய்வுக் குழு உருவானது. பாதிக்கப்பட்டவர்கள் 2 பேர் சேர்ந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். முதலில் வங்கி நிர்வாகத்திடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்புகைச் சீட்டுகளும் மின்னஞ்சல் நகல்களும் கைகொடுப்பது அப்போதுதான். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும், மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தந்திருக்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக்கும், ஜைக்காவுக்கும் இதே போன்ற முறையீட்டு வழிகள் தனித்தனியே உண்டு.

எங்கும் அனுப்பும் முன், முடிவைப் பதில் சொன்னவர்களிடமே கொண்டு போங்கள். ரேஷன் கடைச் சுவரிலும், டீக்கடையிலும், குப்பத்துக் கோயில் வாசலிலும் ஒரு தாள் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை படித்துக் காட்டுங்கள். எங்களுக்கு அந்தக் கூட்டத்தில்தான், வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் முழுவதும் எங்கள் பட்டியலில் விட்டுப்போயிருப்பது தெரியவந்தது. மறுவாரம் போய்க் கேட்டுச் சேர்த்தோம். நிரப்பிய தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உலக வங்கிக் கடன் கணக்கு முடிந்து 15 மாதம் வரை ஆய்வுக் குழுவிடம் முறையிட முடியும். அது வரையாவது, மழைத் தண்ணீர் புகாத உயரமான பரணில், பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.